மலை ஊரில் மெயில் பேக்கப்: ஃபைல் எங்கே இருக்கிறது, டிஸ்க்கை எங்கே வைப்பது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எந்தத் தேயிலை ஃபேக்டரியின் அலுவலகக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டாலும் கணக்கு டேலியில் இருக்கும்; அந்தக் கணக்குக்கான பேச்சு முழுவதும் மெயிலில் இருக்கும். ஏலத்துக்குப் போன லாட் விவரம், புரோக்கர் சொன்ன மதிப்பு, வாங்கியவரின் டெலிவரி உத்தரவு, லாரி வாடகை, பசுந்தேயிலை விலை பற்றிய சுற்றறிக்கை எல்லாம் அங்கேதான். ஊட்டியில் காட்டேஜ் நடத்துபவர்களுக்கு முன்பதிவே மெயில்தான். டேலிக்கு நாள்தோறும் பேக்கப் எடுப்பவர்கள்கூட மெயிலுக்கு எடுப்பதில்லை. "அதுதான் நெட்டில் இருக்கிறதே" என்று நினைத்துவிடுகிறார்கள். பல அலுவலகங்களில் அது நெட்டில் இல்லை. மேஜைக்கடியில் இருக்கும் அந்த ஒரே பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கணக்கின் வகை. அவுட்லுக்கில் ஃபைல் மெனு, அக்கவுண்ட் செட்டிங்ஸ் போனால் கணக்கின் பக்கத்தில் பாப் என்றோ ஐமேப் என்றோ எக்ஸ்சேஞ்ச் என்றோ எழுதியிருக்கும். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் பகுதியில் இதே விவரம் கிடைக்கும்.

பாப் என்றால் மெயில் சர்வரிலிருந்து கீழே இறங்கி உங்கள் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். சர்வரில் ஒரு நகல் விடச் சொல்லியிருந்தாலும், 14 நாளில் நீக்கு என்ற டிக் பெரும்பாலும் கூடவே இருக்கும். அப்படியானால் இரண்டு வாரத்துக்கு முந்தைய எந்த மெயிலுக்கும் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். ஐமேப், எக்ஸ்சேஞ்ச் இரண்டிலும் மூலம் சர்வரில் இருக்கும், உங்களிடம் இருப்பது அதன் பிரதி. இது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் போனில் யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அது போய்விடும். டொமைனைப் புதுப்பிக்க மறந்து ஹோஸ்டிங் காலாவதியானால் சர்வர் பக்கம் மொத்தமும் போகும். இப்படிச் சர்வரோடு ஒத்திசைவதை, அதாவது சிங்க் செய்வதைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். தவறையும் அது அப்படியே நகலெடுக்கும்.

அவுட்லுக்

பழைய அவுட்லுக், அதாவது கிளாசிக் அவுட்லுக், இரண்டு வகை ஃபைல்களில் மெயிலை வைக்கிறது. பாப் கணக்கும் நீங்களாக உருவாக்கும் ஆர்க்கைவும் பிஎஸ்டி ஃபைலில் இருக்கும். எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளும், 2013 பதிப்பிலிருந்து ஐமேப் கணக்குகளும் ஓஎஸ்டி ஃபைலில் இருக்கும். பிஎஸ்டி வழக்கமாக டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஓஎஸ்டி மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்று உள்ளே போன இடத்தில் இருக்கும். தேடி அலைய வேண்டியதில்லை. அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் தாவலுக்குப் போய் ஒவ்வொரு ஃபைலையும் தேர்ந்து ஓப்பன் ஃபைல் லொகேஷன் அழுத்தினால் நேராக அங்கே கொண்டு விடும். எத்தனை வரி இருக்கிறதோ அத்தனையையும் பாருங்கள். டி டிரைவின் ஏதோ ஒரு மூலையில் பல வருடத்துக்கு முந்தைய பிஎஸ்டி ஒன்று இணைந்திருப்பது சகஜம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயிர்நாடியானது. பிஎஸ்டியை நகலெடுத்து எந்தக் கம்ப்யூட்டரின் அவுட்லுக்கிலும் திறக்கலாம். ஓஎஸ்டியை அப்படித் திறக்க முடியாது. உருவான அந்தக் கணக்கோடும் அந்த ப்ரொஃபைலோடும் கட்டுண்டது. ஓஎஸ்டியை டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் கையில் கடைசியில் ஒன்றும் இருக்காது. கணக்கையும் நீக்கி, சர்வரும் போய்விட்டால், அதிலிருந்து மெயிலை எடுப்பதற்குக் காசு கொடுத்து வேறு மென்பொருள் தேட வேண்டியிருக்கும், அதுவும் உறுதியில்லை.

பிஎஸ்டி என்றால் வேலை எளிது. அவுட்லுக்கை மூடுங்கள். மூடிய பிறகும் பின்னால் சற்று நேரம் ஓடிக்கொண்டிருக்கும், டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மறைந்த பிறகு ஃபைலை நகலெடுங்கள். திறந்திருக்கும் பிஎஸ்டியை விண்டோஸ் நகலெடுக்க விடாது. நகலெடுக்க விடும் மென்பொருளைப் பயன்படுத்தினால், பாதி எழுதிய நிலையில் நகல் வந்து சேரலாம்.

ஓஎஸ்டி என்றால் எக்ஸ்போர்ட்தான் வழி. ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட் ஆர் எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் டு எ ஃபைல், அவுட்லுக் டேட்டா ஃபைல் என்று வரிசையாகப் போங்கள். ஃபோல்டர் கேட்கும் இடத்தில் இன்பாக்ஸைத் தேர்ந்தால் இன்பாக்ஸ் மட்டும்தான் வரும். மேலே கணக்கின் பெயரையே தேர்ந்து, சப்ஃபோல்டர்களையும் சேர் என்ற டிக்கைப் போட வேண்டும். இதற்கு முன்பு செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணக்கின் அமைப்பில், எவ்வளவு காலத்து மெயிலை ஆஃப்லைனில் வைப்பது என்று ஒரு தள்ளுபட்டி இருக்கும். அது ஒரு வருடத்தில் நின்றிருந்தால் எக்ஸ்போர்ட்டிலும் ஒரு வருடம்தான் கிடைக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, எல்லாம் முடிந்தது என்றே காட்டும். பட்டியை ஆல் வரை தள்ளி, அவுட்லுக்கை மூடித் திறந்து, கீழே எல்லா ஃபோல்டரும் புதுப்பிக்கப்பட்டதாகக் காட்டும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். முடிந்ததும் அந்த பிஎஸ்டியில் மிகப் பழைய மெயிலின் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

அளவைப் பற்றி. 2010 பதிப்பிலிருந்து ஒரு பிஎஸ்டிக்கு உச்ச வரம்பு 50 ஜிபி. 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி. அதற்கும் பழைய வடிவத்தில் 2 ஜிபிதான். இன்னும் அந்தப் பழைய வடிவ ஃபைலையே இழுத்துக்கொண்டு வரும் அலுவலகங்கள் உண்டு, 2 ஜிபியை நெருங்கும்போது அது உடையத் தொடங்கும். வரம்பு 50 ஆனாலும் 10 ஜிபிக்கு மேல் வளர விடாமல் இருப்பதே என் பரிந்துரை. நிதியாண்டுக்கு ஒரு பிஎஸ்டி என்று ஏப்ரல் முதல் மார்ச் வரை பிரித்துவிட்டால் ஆடிட்டர் கேட்கும்போது தேடுவதும் எளிது. முடிந்த ஆண்டின் ஃபைல் இனி மாறப்போவதில்லை என்பதால் அதை வாராவாரம் நகலெடுக்க வேண்டியதும் இல்லை.

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை ஒன்ட்ரைவ் தன் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தால் பிஎஸ்டியும் அதற்குள் போய்விட்டிருக்கும். அவுட்லுக் திறந்திருக்கும்வரை அந்த ஃபைல் பூட்டப்பட்டிருக்கும். ஒரு மெயில் வந்தாலும் ஃபைல் மாறும். ஒன்ட்ரைவ் அதை மறுபடி மறுபடி மேலே ஏற்றப் பார்க்கும். மலையின் இணைய வேகத்துக்கு இது கட்டுப்படியாகாது. அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டியை ஒன்ட்ரைவுக்கு வெளியே ஒரு சாதாரண ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மறுபடி திறக்கும்போது ஃபைலைக் காணோம் என்று கேட்கும், புதிய இடத்தைக் காட்டினால் போதும். லேன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரிலோ நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியிலோ இருக்கும் பிஎஸ்டியை அங்கிருந்தே திறந்து வேலை செய்வதையும் மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. நகலை அங்கே வைக்கலாம், வேலையை அங்கே செய்யக் கூடாது.

பிஎஸ்டிக்குள் வராதவையும் உண்டு. மெயிலின் அடியில் தானாகச் சேரும் கையெழுத்துகள் ஆப்டேட்டாவில் ரோமிங், மைக்ரோசாஃப்ட், சிக்னேச்சர்ஸ் என்ற ஃபோல்டரில் தனியாக இருக்கும். மெயிலைத் தானாகப் பிரித்துப் போடும் ரூல்ஸை அதன் ஆப்ஷன்ஸ் பகுதியில் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். கணக்கு அமைப்பும் பாஸ்வேர்டும் எங்கும் நகலாகாது, சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கரண்ட் கட்டில் அடிபட்ட பிஎஸ்டி திறக்க மறுத்தால் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி ஆபீஸோடு சேர்ந்தே வருகிறது. ஆபீஸ் நிறுவிய ஃபோல்டரில் தேடினால் கிடைக்கும். அதை எப்போதும் பிரதியின் மேல் ஓட்டுங்கள், மூலத்தின் மேல் வேண்டாம். ஒரு தடவை ஓட்டி நிறுத்தாமல், பிழை எதுவும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். இடம் தெரியாத மெயில்களை அது லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் போட்டுவைக்கும்.

விண்டோஸ் 11க்கு மாறுகிறவர்கள் கண்ணில் புதிய அவுட்லுக் படும். பெயர் ஒன்றானாலும் அது வேறு செயலி, பழையதைப் போல அது பிஎஸ்டியைக் கையாளாது. மாறுவதற்கு முன்பே பழையதில் எக்ஸ்போர்ட் எடுத்து, அந்த ஃபைலைத் திறந்தும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டர்பேர்ட்

தண்டர்பேர்டில் எல்லாமே ப்ரொஃபைல் என்ற ஒரே ஃபோல்டருக்குள் அடக்கம். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் திறந்து ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியில் ஓப்பன் ஃபோல்டர் அழுத்துங்கள். உள்ளே மெயில் என்ற ஃபோல்டரில் பாப் கணக்குகளும் லோக்கல் ஃபோல்டர்ஸும் இருக்கும், ஐமேப்மெயில் என்பதில் ஐமேப் கணக்குகள். முகவரிப் புத்தகம், ஃபில்டர்கள், காலண்டர், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் இதே ப்ரொஃபைலில்தான். தண்டர்பேர்டை மூடிவிட்டு இந்த ஃபோல்டரை முழுசாக நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் இருக்கிறது என்றாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட ப்ரொஃபைலுக்கு அது உதவாது. ஃபோல்டரை நேராக நகலெடுப்பதே எனக்குப் பிடித்த வழி.

இதில் இடறும் இடங்கள் நான்கு. ஒவ்வொரு மெயில் ஃபோல்டரும் எம்பாக்ஸ் வடிவில் ஒரே நீண்ட ஃபைல். பெயருக்குப் பின்னால் எந்த எக்ஸ்டென்ஷனும் இருக்காது. பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் சின்ன ஃபைல் வெறும் அட்டவணை. அட்டவணை கெட்டால் மெயில் காணாமல் போனதுபோலத் தோன்றும். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் அழுத்தினால் திரும்பிவிடும். பதறி எதையும் அழித்துவிட வேண்டாம்.

அடுத்து, ஒரு இன்பாக்ஸ் முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பதால், அதிலுள்ள ஒரே ஒரு வைரஸ் மெயிலுக்காக ஆன்டிவைரஸ் முழு ஃபைலையும் தூக்கித் தனிமைப்படுத்திவிடலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில், வரும் மெயில்களைத் தனித்தனியாகச் சோதிக்க ஆன்டிவைரஸை அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கிறது. அதைப் போடுங்கள்.

மூன்றாவது, அழித்த மெயில் கம்பாக்ட் செய்யும்வரை ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். 3 ஜிபி மெயிலுக்கு 9 ஜிபி ஃபைல் இருந்தால் காரணம் இதுதான். கம்பாக்ட் என்பது ஃபைலையே புதிதாகத் திருப்பி எழுதும் வேலை. நடுவில் கரண்ட் போனால் ஆபத்து. ஆகவே நகலெடுத்த பிறகு கம்பாக்ட், அதன் பிறகு இன்னொரு நகல்.

நான்காவது, ஐமேப் கணக்கில் சிங்க்ரொனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பகுதியில் எல்லா ஃபோல்டர்களையும் இந்தக் கம்ப்யூட்டரில் வை என்ற டிக் இல்லாவிட்டால், தலைப்பு மட்டும் இறங்கி உள்ளடக்கம் சர்வரிலேயே நின்றுவிடும். ப்ரொஃபைலின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியும், ஒன்ட்ரைவ் வழியாக நடக்கும் பேக்கப்பும் ஆப்டேட்டா பக்கம் தாமாகப் போவதில்லை. தண்டர்பேர்ட் ப்ரொஃபைல் இருப்பதோ ஆப்டேட்டாவில். ஆகவே "எங்கள் கம்ப்யூட்டருக்கு ஆட்டோமேட்டிக் பேக்கப் இருக்கிறது" என்ற பதில் தண்டர்பேர்ட் விஷயத்தில் செல்லாது.

மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டிபிஎக்ஸ் ஃபைல்களோ விண்டோஸ் லைவ் மெயிலின் இஎம்எல் ஃபைல்களோ கிடைத்தால் ஃபோல்டரோடு அள்ளி வையுங்கள். இஎம்எல் என்பது மெயிலுக்கு ஒரு ஃபைல் என்ற எளிய வடிவம், இன்றைக்கும் திறக்கும்.

நகலைப் பூட்டுவதும் சரிபார்ப்பதும்

எஃப்ஏடி32 வடிவிலுள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. இடம் காலியாக இருந்தும் இடமில்லை என்று சொன்னால் காரணம் அதுதான். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்கள் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது கரண்ட் போனாலும் எக்ஸ்ஃபேட்டைவிட அது தாங்கும்.

பிஎஸ்டிக்கு அவுட்லுக்கில் வைக்கும் பாஸ்வேர்ட் பெயருக்குத்தான், அதை உடைக்கும் கருவிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. தண்டர்பேர்டில் பிரைமரி பாஸ்வேர்ட் வைக்காதவர்களின் ப்ரொஃபைல் நகல் யார் கையில் கிடைத்தாலும் அதிலுள்ள மெயில் பாஸ்வேர்டுகள் அத்தனையும் அவர்கள் கையில். ஆகவே நகலைப் பூட்ட வேண்டும். விண்டோஸ் ப்ரோ என்றால் வெளி டிஸ்க்குக்கு விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போடலாம். ஹோம் பதிப்பில் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க முடியும். இல்லையென்றால் வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருள், அல்லது ஃபைலைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப். 7-ஜிப்பில் 7இசட் வடிவம், ஏஇஎஸ்-256, பாஸ்வேர்ட், ஃபைல் பெயர்களையும் மறை என்ற டிக். பிட்லாக்கர் கொடுக்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் அச்சிட்டு, டிஸ்க் இருக்கும் பெட்டியில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். 7-ஜிப் பாஸ்வேர்ட் மறந்தால் மீட்க வழியே கிடையாது. பாஸ்வேர்ட் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கும் அலுவலகத்தில் அந்த ஆள் வேலையை விட்டால் பேக்கப்பும் கூடவே போய்விடும். இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.

நகலெடுத்ததும் 7-ஜிப்பின் ரைட் கிளிக் மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் மதிப்பை, அதாவது ஃபைலின் விரல்ரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு, மூலத்துக்கும் நகலுக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த மதிப்பு, தேதி, மெயில் மென்பொருளின் பதிப்பு, கணக்கின் பெயர் நான்கையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி நகலோடு போடுங்கள். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது தரும் சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க இடம் இருக்கிறது. பணம் தராமல் இழுத்தடிக்கும் வியாபாரியோடு வழக்கு வந்தால், அச்சிட்ட தாளைவிட ஹெடர் (மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு விவரம்) முழுவதும் உள்ள மூல மெயிலே நிற்கும். இன்னொன்று: பிஎஸ்டியை அவுட்லுக்கில் ஒருமுறை திறந்தாலே, எதையும் மாற்றாவிட்டாலும், ஃபைல் மாறி ஹாஷும் மாறிவிடும். ரீட்ஒன்லி ஆக்கினால் அவுட்லுக் திறக்கவே மறுக்கும். பாதுகாத்த நகலை எப்போதும் இன்னொரு நகலெடுத்துத்தான் திறக்க வேண்டும்.

எத்தனை வருடம் வைப்பது? ஜிஎஸ்டி சட்டத்தில் கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தில் கணக்குப் புத்தகங்களுக்கும் அவற்றுக்கான வவுச்சர்களுக்கும் 8 ஆண்டு. மெயிலில் வந்த இன்வாய்ஸ் இவற்றில் சேரும். எனவே நிதியாண்டு பிஎஸ்டிகளை 8 ஆண்டு வைத்துவிட்டால் கவலையில்லை. நடப்பு மெயிலுக்கு வாரம் ஒரு நகல், நான்கு வாரம்வரை. மாதம் ஒரு நகல், ஒரு வருடம்வரை. ஒரே நகலின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதினால், மூன்று வாரம் முன்பு கெட்டுப்போன ஃபைல் நல்ல நகலையும் அழித்துவிட்டிருக்கும்.

மலையில் டிஸ்க்கை வைப்பது

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதி எல்லோரும் அறிந்தது. மலையில் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கவனம் தேவை.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வழக்கமான ஹார்ட் டிஸ்க்குகள் ஏறத்தாழ 3,000 மீட்டர்வரை இயங்கும்படி செய்யப்பட்டவை; நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஈரம்தான் எதிரி. சாதாரண ஹார்ட் டிஸ்க் காற்றுப் புகாமல் மூடப்பட்டதில்லை, சின்னச் சுவாசத் துளை ஒன்று உண்டு. மாதக்கணக்கில் மஞ்சு மூடிய ஊரில், வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைத்த டிஸ்க்கின் கனெக்டரில் பச்சை பூக்கும், உறையில் பூஞ்சணம் பிடிக்கும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தப் பாருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானாலும், ஆரஞ்சு ஜெல் பச்சையானாலும் அது ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. ஏறத்தாழ 120 டிகிரி அவனில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். தேயிலை ஃபேக்டரியில் வாட்டும் மாடிக்குக் கீழேயும், தூசி பறக்கும் சலிப்பு அறைப் பக்கமும் டிஸ்க் இருக்கக் கூடாது.

குளிர் அடுத்தது. வெளி டிஸ்க்குகள் பெரும்பாலும் 5 டிகிரிக்கு மேல் இயக்கவே வடிவமைக்கப்பட்டவை. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாக உறையும் காலையில், கதகதப்பு இல்லாத அலுவலகத்தில் எட்டு மணிக்கே பேக்கப் ஓட்ட வேண்டாம். வெயில் ஏறட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து கீழே இறங்கும்போது. ஊட்டியில் குளிர்ந்த டிஸ்க்கை மேட்டுப்பாளையத்தின் வெக்கையில் பையிலிருந்து எடுத்தால் அதன் உலோகத்தின் மேல் நீர் கோர்க்கும், அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் போயிற்று. மேலேயே ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, கீழே போய் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். மேலே ஏறும்போது இந்தப் பயம் குறைவு.

ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் இடி விழும்போது எக்ஸ்போர்ட், கம்பாக்ட் எதையும் தொடங்காதீர்கள். யுபிஎஸ் இருந்தாலும் செம்புத் தொலைபேசி லைன், லேன் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். ஃபைபர் கேபிளில் அந்தப் பயம் இல்லை, ஆனால் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் வழியாக வரும். நகலெடுத்து முடிந்ததும் சேஃப்லி ரிமூவ் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க், கம்ப்யூட்டருக்கு வரும் மின்னலையும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரையும் சேர்ந்தே வாங்கும்.

வெளியிடப் பிரதியை எங்கே வைப்பது என்பதற்கு மலைக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. நீலகிரியின் மேற்குப் பக்கமான கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சியைத் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. கிழக்குச் சரிவான குன்னூர், கோத்தகிரியை வடகிழக்குப் பருவமழை அடிக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவுகள் அப்படி வந்தவை. ஆகவே கூடலூர்க் கடைக்காரரின் மூன்றாவது பிரதி கோத்தகிரியிலுள்ள உறவினர் வீட்டில் இருப்பதும், கோத்தகிரிக்காரருடையது கூடலூரில் இருப்பதும் நல்ல ஏற்பாடு. இரண்டு சரிவும் ஒரே வாரத்தில் அடிவாங்குவது அரிது. குன்னூர்க்காரர்கள் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வைக்கலாம், ஆனால் பர்லியார்ப் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் போய் எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு அப்படிப்பட்ட இடம்.

கிளவுடில் வைப்பதானால் முதலில் அப்லோடு வேகத்தை அளந்து கணக்குப் போடுங்கள். 15 ஜிபி என்பது 1,20,000 மெகாபிட். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் 30,000 நொடி, அதாவது 8 மணி 20 நிமிடம், நடுவில் லைன் அறுபடாவிட்டால். 7-ஜிப்பில் 500 எம்பி துண்டுகளாக வெட்டி ஏற்றினால், அறுந்த இடத்தில் ஒரு துண்டை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும். ஒரு துண்டு குறைந்தாலும் முழுசாகத் திறக்காது, எனவே ஏற்றி முடித்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கூகுளின் இலவச 15 ஜிபி ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

திறந்து பார்ப்பது

நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்காதவரை அது பேக்கப் கணக்கில் சேராது. பிஎஸ்டி என்றால் இன்னொரு கம்ப்யூட்டரின் கிளாசிக் அவுட்லுக்கில் ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல். திறந்ததும் மிகப் பழைய மெயில், போன வார மெயில், அட்டாச்மெண்ட் உள்ள மெயில், தமிழில் தலைப்பு உள்ள மெயில் என்று நான்கையாவது திறந்து பாருங்கள். சென்ட் ஃபோல்டரையும் மறக்க வேண்டாம். பலரின் நகலில் விட்டுப்போவது அதுதான். தண்டர்பேர்ட் என்றால் அதே பதிப்போ புதிய பதிப்போ நிறுவ வேண்டும். புதிய பதிப்பு தொட்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். ப்ரொஃபைல் மேனேஜரில் புதிய ப்ரொஃபைல் உருவாக்கும்போது சூஸ் ஃபோல்டர் வழியாக நகலெடுத்த ஃபோல்டரைக் காட்டினால் எல்லாம் அப்படியே வரும். சோதனையின்போது நெட்டைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் பாப் கணக்கு அந்தச் சோதனைக் கம்ப்யூட்டரிலேயே புது மெயிலை இறக்கிவிடும். ஐமேப் கணக்கு சர்வரிலிருந்து நிரப்பிக்கொண்டு, நகலில் எல்லாம் இருந்ததுபோல ஏமாற்றும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றுபவர்கள் இப்போது அதிகம். பழையதைக் காயலான் கடைக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஃபார்மட் மட்டும் செய்து கொடுத்தால் பிஎஸ்டியை மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும். கழற்றிய டிஸ்க்கைப் புதிய கம்ப்யூட்டரில் ஆறு மாதம் வேலை நடந்து, ஏதும் விட்டுப்போகவில்லை என்று தெரியும்வரை தேதி எழுதி டப்பாவில் வையுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கென்றால் முழுசாக மேலெழுதி அழிக்கலாம். எஸ்எஸ்டியென்றால் மேலெழுதுவது எல்லா இடத்தையும் எட்டாது, அதைத் தயாரித்த நிறுவனத்தின் செக்யூர் இரேஸ் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.